டெஸ்மண்ட் பாஸ்கோவின் மூளை

பிலிப்பா ரென்ஷா நோயியல் படிப்பை முடித்துவிட்டு, மூளை நோய்களை மட்டும் தனியாகக் கற்க அடிலெய்டில் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தவள். வயது முப்பத்தாறு. நான் திசுவை மெல்லிசாகச் சீவி ஸ்லைடில் ஒட்டித் தருவேன். அவள் நுண்ணோக்கியில் பார்த்து முடிவு எழுதுவாள்.

வந்த ஏழாம் மாதம், ஆய்வுக்குத் தானமாகக் கிடைத்த டெஸ்மண்ட் பாஸ்கோவின் மூளை அவளிடம் வந்தது. மூன்டா என்ற சிற்றூரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எண்பத்தொரு வயதில் மாரடைப்பு. ஞாபகத்தில் ஒரு குறையும் இல்லை என்றது கோப்பு. ஆனால் பிலிப்பா பார்த்த இடமெல்லாம் ஞாபகத்தை அழிக்கும் அல்சைமர் நோயின் படிவுகள், அதுவும் முற்றிய நிலையில்.

நான்தான் ஸ்லைடை மாற்றிவிட்டேன் என்று நினைத்தாள். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. புதிதாகச் சீவிக் கொடுத்தேன்; அதே படிவுகள். மரபணுச் சோதனையும் அவர் மூளைதான் என்றது. நோய் முற்றியும் ஞாபகம் குலையாத சிலர் உண்டு, காரணம் தெரியாது என்றார் தலைமை மருத்துவர் ஹாமிஷ். "கண்ணுல பட்டத எழுது, பிலிப்பா. படாதத எழுதாத."

அவளுக்கு அப்படி எழுதக் கை வரவில்லை. முடிவைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று டெஸ்மண்டின் மனைவி பெரில் முன்பே கேட்டிருந்தார். நேரில் போய்ச் சொன்னால் ஏதாவது துப்புக் கிடைக்கும் என்று ஒரு சனிக்கிழமை கிளம்பினாள். மூன்டா என் சொந்த ஊர் என்பதால் என்னையும் அழைத்துக்கொண்டாள்.

பெரில் இறைச்சி அடைத்துச் சுட்ட பேஸ்ட்டியைச் சூடாக வைத்தார். இறந்த அன்று காலையிலும் டெஸ்மண்ட் குறுக்கெழுத்தை முடித்தாராம். "சாவிய தொலைக்கிறது நான்தான். அவரு தேடிக் குடுத்துட்டுக் கிண்டல் பண்ணுவாரு."

பிலிப்பா தான் கண்டதை மெல்லச் சொன்னாள். பெரில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்போ அவருக்குத் தெரிஞ்சிருக்குமாம்மா? எங்கிட்ட மறைச்சிட்டாரா?"

"தெரியலைங்க."

"கடைசில எல்லாத்தையும் சீட்டுல எழுதி வச்சுக்குவாரு. இல்ல, முன்னாடியும் எழுதுவாரு. எப்ப ஆரம்பிச்சாருன்னு எனக்கு ஞாபகம் வரலியே."

திரும்பும்போது பிலிப்பாவே காரை ஓட்டினாள். அந்த அம்மாவுக்கு இல்லாத சந்தேகத்தைக் கொடுத்துவிட்டோம், போயிருக்கவே கூடாது என்று இரண்டு முறை சொன்னாள். திங்கட்கிழமை அறிக்கை எழுதினாள்: நோய் முற்றியிருந்தது, வாழ்நாளில் அறிகுறி இல்லை. ஹாமிஷ் கையெழுத்திட்டார்.

இரண்டு மாதம் கழித்து, தான் இறந்தபின் தன் மூளையையும் எங்களுக்கே தருவதாகப் பெரில் கையெழுத்திட்ட தானப் படிவம் தபாலில் வந்தது. கூடவே கடிதம் எதுவும் இல்லை. நம்மேல் நம்பிக்கையா, கோபமா என்று பிலிப்பா என்னைக் கேட்டாள். எனக்கும் பிடிபடவில்லை.