ஆயில் மாற்றிய ஆடி

கல்யாணமாகி மைசூருக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒரு மூத்தாள் இருப்பது தெரிந்தது. பழைய ஜீப் ஒன்று. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் அடியிலேயே கிடப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு கால் மட்டும் வெளியே தெரியும். அந்தக் காலைப் பார்த்தே அவர் மனநிலையைச் சொல்லிவிடும் அளவுக்கு மூன்று மாதத்தில் தேறிவிட்டேன்.

அது எனக்குத் தலை ஆடி. பிறந்த வீட்டிலிருந்து வந்து பெண்ணை அழைத்துப் போக வேண்டும். ஆடி பிறந்து இத்தனை நாளாகியும் யாரும் வரவில்லை. கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து அப்பாவுக்குக் காலில் மாவுக்கட்டு. எனக்குக் கூடப் பிறந்தவர்களும் கிடையாது. ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த ஒரு வாக்கை நம்பித்தான் ஒரு வாரமாக நான் அழாமல் இருந்தேன்.

எங்கள் வீடு மேட்டூருக்கு இந்தப் பக்கம். கொள்ளேகால், ஹனூர், ராமாபுரம் தாண்டி பாலாற்றுக் காட்டுக்குள் நுழைய வேண்டும். அந்த வருடங்களில் சந்தனக் கடத்தல்காரர் பயத்தால் பொழுது சாய்ந்த பிறகு சோதனைச் சாவடியில் எந்த வண்டியையும் விடமாட்டார்கள். மதியத்துக்குள் மைசூரை விட்டால்தான் உண்டு.

அன்று விடியற்காலையிலேயே நான் குளித்து, பூ வைத்து, பையைக் கட்டி வாசலுக்கு வந்தேன். இரண்டு கால்கள் ஜீப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

எனக்குக் கோபம் உச்சி வரை ஏறியது. கேட்டால் அவர் பொறுமையாக விளக்கினார். என் பிறந்த வீட்டுக்கு முன்னால் ஓடை ஒன்று உண்டு. ஆடித் தண்ணீரில் அதைக் கடக்க முன் சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும். அந்த இழுப்பை முன் சக்கரத்துக்குப் பிரித்துக் கொடுப்பது கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற இரும்புப் பெட்டி. அது ஒரு வாரமாக முனகுகிறது. பழைய ஆயிலை இறக்கிப் புதிது ஊற்றினால் சரியாகிவிடும். அரை மணி நேர வேலை. பஸ்ஸிலாவது போகலாம் என்றேன். காலை பஸ் போய்விட்டது என்றார், அவர்தான் அதை நேரத்துக்கு அனுப்பிவைத்த மாதிரி.

அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றியதும் கறுப்பாக, கெட்டியாக ஆயில் இறங்கித் தகரத்தில் விழுந்தது. கடைசிச் சொட்டு வரை வடியவிட்டு, அடியை மூடிவிட்டு, ஊற்ற வேண்டிய மேல் துளையைத் திறக்கப் போனார். அதன் போல்ட் அசையவே இல்லை. ஸ்பேனரை வைத்து இழுத்தார், சுத்தியால் தட்டினார், அதனிடம் கன்னடத்தில் கெஞ்சினார். கால் இரண்டும் தளர்ந்துவிட்டன.

பெட்டியில் பழைய ஆயிலும் இல்லை, புதியதை ஊற்ற வழியும் இல்லை. வண்டியைத் தெருமுனைக்குக்கூட எடுக்க முடியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்குமா?

“ஏனுங்க, மேல தொறக்குமான்னு பாத்துட்டுக் கீழ தொறக்கோணும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

நான் போய்த் துணிக்கொடி கட்டியிருந்த இரும்புக் குழாயை உருவிக்கொண்டு வந்தேன். துவைத்த துணியெல்லாம் தரையில். எங்கள் தோட்டத்து மோட்டாரில் போல்ட் இறுகினால் ஸ்பேனர் பிடியில் குழாயைச் செருகி நீளமாக்கித்தான் திருப்புவார்கள். அவர் ஸ்பேனரைப் பிடித்துக்கொள்ள, நான் குழாயின் நுனியில் காலை வைத்து, பட்டுப் புடவையோடு ஒரு மிதி மிதித்தேன். ‘டக்’ என்று விட்டது. அடியிலிருந்து அவர் சிரித்த சிரிப்பைக் கேட்டு எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. மீதியைப் பிறகு தேவைப்படும் என்று வைத்துக்கொண்டேன்.

இனி ஊற்ற வேண்டியதுதான். ஜீப்பின் தரைத்தகட்டைக் கழற்றி, அந்த வழியாக ஒரு ரப்பர் குழாயை இறக்கி, மேலே புனலைச் செருகினார். நான் வண்டிக்குள் உட்கார்ந்து ஊற்ற வேண்டும். அவர் அடியில் படுத்துத் துளையைப் பார்க்க வேண்டும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

தேன் மாதிரி மெல்ல இறங்கியது. ஒரு டப்பா முடிந்து அடுத்ததில் பாதி. கீழேயிருந்து சத்தம் வந்தது.

“சாக்கு.”

இத்தனை நேரம் வெறும் தரையிலா படுத்திருக்கிறார் என்று எனக்குப் பாவமாகிவிட்டது. டப்பாவைப் புனலிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். வீட்டில் இருந்த ஒரே சாக்கில் வெங்காயம். பின்னால், “சாக்கு, சாக்கு” என்று குரல் ஏறிக்கொண்டே வந்தது.

“வெங்காயத்தைக் கொட்ட வேண்டாமுங்களா? கொண்டாரேன் இருங்க” என்று பதிலுக்குக் கத்திவிட்டு, அடுப்படி முழுக்க வெங்காயத்தை உருட்டிவிட்டு, சாக்கோடு வந்து குனிந்து பார்த்தேன்.

ஒரு விரலால் துளையை அடைத்துக்கொண்டு கிடந்தார். நெற்றி, மூக்கு, மீசை, கழுத்து எல்லாம் ஆயில். ஊற்றியது முழுக்கக் கொட்டிப்போச்சு, இனி ஊருக்குப் போன மாதிரிதான் என்று சாக்கைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“ஏய், அழாதே. கன்னடத்துல சாக்குன்னா போதும்னு அர்த்தம். பெட்டி நெறஞ்சுதான் வழியுது. பேகா, சட்டுனு குளிச்சிட்டு வந்துடறேன், கெளம்பலாம்.”

அழுகை நிற்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரிக்க, விரல் நழுவி இன்னும் கொஞ்சம் வழிந்தது. கொண்டுவந்த சாக்கு வீண்போகவில்லை. அதிலேயே அவர் முகத்தைத் துடைத்துவிட்டேன்.

மதியத்துக்குச் சற்று முன்னால் கிளம்பினோம். பாலாற்றுச் சாவடியில் தடுப்பை இறக்கத் தயாராக நின்றிருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். ஓடைக்கரைக்கு வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. அவர் சின்ன லீவரை இழுத்தார். பெட்டியிலிருந்து ஒரு முனகல் இல்லை. நான்கு சக்கரமும் பிடித்து வண்டி தண்ணீருக்குள் இறங்கியது.

எதிர்க்கரையில் ஒரு நாற்காலியில் அப்பா. கட்டுப் போட்ட காலை நீட்டி இன்னொரு நாற்காலியில் வைத்திருந்தார். பக்கத்தில் குடையோடு அம்மா. மதியத்திலிருந்து அங்கேதான் இருக்கிறார், வீட்டுக்குள் வரமாட்டேன் என்கிறார் என்று அம்மா அங்கிருந்தே முறையிட்டாள்.

“கூட்டிட்டு வரத்தான் முடியல கண்ணு,” என்றார் அப்பா. “இந்தக் கரை வரைக்குமாவது எதுக்க வரோணுமில்ல.”

வண்டி கரையேறும் வரை என்னால் பொறுக்க முடியவில்லை. பட்டுப் புடவையோடு தண்ணீரில் குதித்துவிட்டேன்.