மழையில் அடித்த வார்னிஷ்

ஜூலை மாதத்தில் பம்பாயில் வார்னிஷ் அடிக்கிறவன் முட்டாள். நான் அடித்தேன்.

செம்பூர் வீட்டில் நானும் என் தம்பியும் சேர்ந்து ஒட்டியது அந்தப் பிளாஸ்டிக் மாடல். இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஜெர்மன் கவச வண்டி. எட்டுச் சக்கரம், என் கையளவு நீளம். சாம்பல் நிறப் பெயின்ட் முழுக்க அவன் கைவேலை. கடைசியாக வார்னிஷ் பூச்சு மட்டும் பாக்கி இருந்தபோது அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

"அண்ணே, மழை விடாம வார்னிஷ் அடிச்சிராதிய. ஈரத்துல வெளுத்துரும்," என்று படுக்கையில் இருந்தபடியே சொன்னான்.

மழை விடும்வரை அவன் இருக்கமாட்டான் என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். அதை அவனிடம் எந்த வாயால் சொல்வது? ஜன்னலை அடைத்து, ஃபேனைப் போட்டு, ஸ்பிரேயை அடித்துவிட்டேன். காய்ந்ததும் வண்டி முழுக்க விபூதி பூசியதுபோல வெளுத்துவிட்டது.

அப்படியே ஒரு டப்பாவில் வைத்து எடுத்துப்போனேன். திட்டுவான் என்று நினைத்தேன். வெள்ளையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். நான் ஏன் பொறுக்கவில்லை என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பனியில நிக்க மாதிரி நல்லாத்தான் இருக்குண்ணே. ரஷ்யாவுக்குப் போன வண்டின்னு சொல்லிருவோம்," என்றான்.

அவன் போன பிறகு, அக்டோபர் வெயிலில், அந்த வெள்ளையைக் காணச் சகிக்காமல் இன்னொரு பூச்சு அடித்தேன். வெயிலில் மறுபூச்சு அடித்தால் வெளுப்பு போய்விடும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்; என்னிடம் சொல்லவில்லை. வெள்ளை மறைந்து, சாம்பல் நிறம் அப்படியே திரும்பி வந்தது. என் தப்பு சரியாகிவிட்டது. அவன் கடைசியாகப் பார்த்த வெள்ளை வண்டி இப்போது என்னிடம் இல்லை.