ஒரே நிறத்துப் புட்டிகள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருபத்திரண்டு வருஷமாக லென்ஸ் தேய்க்கிறவரை எல்லோரும் ‘சில்லு’ என்றுதான் கூப்பிடுவார்கள். சீட்டில் எழுதிய அளவுக்கு மயிரிழை கூடாமல் குறையாமல் தேய்த்துக் கொடுப்பார். கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்ட மனிதர். கம்ப்யூட்டர் விளையாட்டைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது.

அதுவும் ஒரே விளையாட்டு. கலங்கரை விளக்கத்தின் காவல்காரர் காணாமல் போயிருப்பார். கதவு, மேசை என்று மவுஸால் தொட்டுத் தொட்டு அவரைக் கண்டுபிடிக்க வேண்டும். அது நான்கு வகைக் கம்ப்யூட்டர்களுக்கு நான்கு விதமாக வந்திருந்தது. சில்லு நான்கையும் தேடிப்பிடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். கறுப்பு வெள்ளைத் திரையில் ஓடுவதில் இழுப்பறைக் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் படிக்கலாம். டிவியில் மாட்டி ஆடுவதில் இரண்டு அறைகளையே காணோம். சிடியில் வந்ததில் ஆட்கள் வாய்விட்டுப் பேசுவார்கள், ஆனால் மாடிப்படியில் பூனை இல்லை.

இதையெல்லாம் நோட்டில் எழுதி, இணையத்தில் போட மாடிவீட்டு அக்காவிடம் கொடுத்தார். அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பதினோராம் பக்கத்தில் அவள் கை நின்றது. விளையாட்டில் வரும் மருந்து அலமாரியில் இரண்டு புட்டிகள். சரியானதை விளக்கில் ஊற்றினால் வழி திறக்கும், மற்றதை ஊற்றினால் ஆள் காலி. ‘கறுப்பு வெள்ளையில் ஒன்றுக்குப் புள்ளி, ஒன்றுக்குக் கோடு. மற்ற மூன்றிலும் இரண்டும் ஒரே நிறம். செய்தவர்களின் அசட்டை’ என்று எழுதியிருந்தார்.

அக்கா இறங்கி வந்து, அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டச் சொன்னாள்.

“இதுல எதுடா ஒரே நிறம்? ஒண்ணு சிவப்பு, ஒண்ணு பச்சை.”

விளையாடாதே என்றார் சில்லு. அவள் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். மாமாவும் அதையே சொன்னார். சில்லு திரையை அணைத்துவிட்டார்.

மறுநாள் கடையில், கண் பரிசோதிக்கிற பெண் டீ குடித்து முடிக்கும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னார். வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகத்தை அவள் பிரித்தாள். முதல் பக்கத்து எண் தெரிந்தது. அப்புறமெல்லாம் வெறும் புள்ளிகள்தான்.

“சிவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாத கண்ணு உங்களுக்கு. இத்தனை வருஷமா இங்கயே இருக்கீங்க, உங்களுக்கே தெரியாதா அண்ணே?”

“யாரும் கேக்கலம்மா.”

கூலிங் கிளாஸ் லென்ஸைக்கூட நிறம் பார்க்காமல் உறையில் அச்சடித்த எண்ணைப் பார்த்துத்தான் எடுப்பாராம். ஒரு நாளும் தப்பியதில்லை.

சாயங்காலம், அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று அக்கா கேட்டாள். சில்லு நோட்டைப் பிரித்து அந்த வரியைத் தொட்டுக் காட்டினார்.

“எடுக்க வேண்டாம். ‘எனக்கு’ன்னு ஒரு வார்த்தை சேத்துக்கோ. அசட்டைங்கறத மட்டும் எடுத்துடு.”

அக்கா அப்படியே தட்டச்சு செய்து இணையத்தில் போட்டாள். ஒரு மாதத்துக்குள், முன்பின் தெரியாத மூன்று பேர் அவருக்கு எழுதியிருந்தார்கள். அவர்களும் அந்த அலமாரியோடு ஆட்டத்தைக் கைவிட்டவர்களாம். கறுப்பு வெள்ளை எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். சில்லு மூவருக்கும் பதில் போட்டார்.

அதன் பிறகு வேறு விளையாட்டுகளும் வீட்டுக்கு வர ஆரம்பித்தன. நிறம் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் வந்தால் மாடியைப் பார்த்துக் குரல் கொடுப்பார். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி வருவாள்.