முடிச்சில் நிற்கும் மணல்

"...முடிச்சுலதான் இருக்கு சார் வலையோட உயிரு. நூலு சும்மா கூட வர்றது" என்று அவள் பேராசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் உள்ளே நுழைந்தேன். வலையைச் சொன்னாலும் பேச்சு எங்கள் மணலைப் பற்றியது என்று புரிந்ததும் பொறாமையாக இருந்தது. இந்தச் சொல் என் வாயிலிருந்து அல்லவா வந்திருக்க வேண்டும்?

தஞ்சாவூரில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மேசைகள். ஒன்றில் நான், கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி நானே பழகியவன். இன்னொன்றில் அவள், ஆராய்ச்சி மாணவி, பூம்புகார்ப் பக்கம் மீன்பிடிக்கும் குடும்பம். மணலில் ஒருவகை நுண்ணுயிரியை விட்டு, யூரியாவும் கால்சியம் உப்பும் கரைத்த நீரை ஊற்றினால், துகள்களில் சுண்ணாம்பு படிந்து மணல் இறுகும். அப்படி இறுகிய மணல் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கம்ப்யூட்டரிலேயே மணலை உண்டாக்கி அழுத்திப் பார்ப்பது எங்கள் வேலை. யாருடைய மணல் நிற்கிறதோ அவர் பேராசிரியரோடு போய்க் கடற்கரை ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். காரில் ஓரிடம்தான் இருந்தது. நாலு பேரைக் கண்டால் பேசாமல் இருக்க முடியாதவன் நான். அந்த இடம் எனக்கு வேண்டும்.

என் மணலோ சரிந்துகொண்டே இருந்தது. சுண்ணாம்பு என்றால் எங்கள் வீட்டில் பொங்கலுக்குச் சுவரில் அடிப்பது. அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு துகளையும் சுற்றி ஒரே சீராகப் பூசிவிட்டிருந்தேன். பார்க்க அழகு; அழுத்தினால் பொலபொலவென்று உதிர்ந்தது.

"வெள்ளையடிச்ச வீடுய்யா உன் மணலு" என்று பேராசிரியர் சிரித்தார்.

"கொஞ்சம் சுண்ணாம்பக் கூட்டுனா நின்னுடும் சார்."

"கூட்ட வேணாம்ணே" என்றாள் அவள். "இருக்கறதே போதும். ரெண்டு துகள் தொட்டுக்கிற எடத்துல மட்டும் வைங்க. அங்கதான் முடிச்சு."

நல்ல பேச்சு எதுவானாலும் என் மனதில் ஒட்டிக்கொள்ளும். இதுவும் ஒட்டிக்கொண்டது, அதுதான் இன்னும் எரிந்தது.

"ஏம்மா, இது வலையா மணலா? வாயால கட்டிடலாம். கம்ப்யூட்டர்ல நிக்கணுமே."

"நகருங்கண்ணே, பாத்துடுவோம்."

எழுந்தேன். அவள் என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் பூசியதையெல்லாம் அழித்தாள். அதே அளவு சுண்ணாம்பைத் துகள்கள் தொடும் இடங்களில் மட்டும் பொட்டுப் பொட்டாக வைத்துப் பாரத்தை ஏற்றினாள். மணல் நின்றது.

திரையைப் பேராசிரியர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, கார் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்டாள்.