நண்டுக்கு எத்தனை கால்?

எழுபதுகளின் தொடக்கம். சென்னையில் ஓவியம் படித்து முடித்துவிட்டு வேலைக்கு அலைந்துகொண்டிருந்தேன். மூன்று இடங்களில் கையை விரித்துவிட்டார்கள். நான்காவது, கும்மிடிப்பூண்டியில் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை. இதுவும் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் டைப்ரைட்டிங் வகுப்பு என்று அப்பா என் பெயரைக் கொடுத்தே விட்டார். எனக்கோ டைப்ரைட்டர் சத்தம் கேட்டாலே தலைவலி.

காலை பாசஞ்சரில், நான் வரைந்த படங்களின் கட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொன்னேரியில் நண்டுக் கூடையோடு ஏறிய மீன்கார அக்கா ஒருவர் பக்கத்தில் அமர்ந்தார். நான் ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தேன். கும்மிடிப்பூண்டியில் இறங்கக் கட்டைத் தூக்கினால், சொட்டச் சொட்ட ஈரம்! கூடையிலிருந்து ஒழுகிய தண்ணீரில் என் வாட்டர்கலர் படங்கள் எல்லாம் கரைந்து சகதியாகிவிட்டன. வாசனை வேறு.

எனக்கு வந்ததே கோபம்! பிளாட்பாரத்தில் நின்று அந்த அக்காவைக் கண்டபடி திட்டினேன். திட்டி முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

"அழுவாத பாப்பா. தப்பு எனுதுதான்னு நானே வந்து சொல்றேன், வா" என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார். வேண்டாம் என்றேன். கேட்டால்தானே!

தலைமையாசிரியர் அறைக்குள் நான் ஈரக் கட்டோடும் அவர் நண்டுக் கூடையோடும் நுழைந்தோம்.

"சார், இந்தப் பொண்ணு நல்லாத்தான் வரைஞ்சி எடுத்துக்கினு வந்துச்சு. என் கூடைதான் ஒழுகிப் பேஜாரு பண்ணிடிச்சு" என்றார்.

தலைமையாசிரியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கரும்பலகையைக் காட்டினார். "சரிம்மா, அந்த நண்டையே வரைஞ்சு காட்டுங்க."

அப்பாடா! சாக்பீஸை எடுத்து மளமளவென்று வரைந்தேன். கூடைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நண்டு எனக்குத் தெரியாதா என்ன!

"காலு கம்மியாக்கீதே பாப்பா" என்றார் அக்கா. "ஆறுதான் போட்டுக்கீற. கொடுக்கு ரெண்ட வுட்டா எட்டு காலு. கடைசிக் காலு துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும். அதாலதான் நீந்தும்."

போச்சு, டைப்ரைட்டிங்தான் என்று நினைத்தேன். அவர் கொடுக்கு கட்டிய நண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினார். எண்ணினேன். எட்டேதான்! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. போட்டதை எல்லாம் அழித்துவிட்டு, இந்த முறை நண்டைப் பார்த்துப் பார்த்து முதலிலிருந்து வரைந்தேன்.

"இப்ப ஓடிடும் போலக்கீது!" என்று அக்கா கைதட்டினார்.

தலைமையாசிரியரும் மூக்கை விட்டுவிட்டுச் சிரித்தார். "திங்கட்கிழமையே வந்துடுங்க. தப்புன்னு சொன்னா கோவிச்சுக்காத டீச்சரை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்."

பிளாட்பாரத்தில் நான் போட்ட கூச்சல் அவருக்குத் தெரியாது. அக்காவும் மூச்சுவிடவில்லை.

வெளியே வந்ததும் அக்காவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "அத்த வுடு. ஊட்டுக்கு நாலு நண்டு எடுத்துக்கினு போ" என்று சிரித்தார். அன்று எங்கள் வீட்டில் நண்டுக் குழம்பு. அப்பா டைப்ரைட்டிங் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகு முப்பது வருஷம் ஓவியம் சொல்லிக்கொடுத்தேன். 'டீச்சர், இது தப்பு' என்று எந்தப் பிள்ளை எழுந்து நின்றாலும் எனக்குக் கோபம் வந்ததே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வரும், ஆனால் கூடவே அந்த நண்டு வாசனையும் வந்து அதைத் துரத்திவிடும்.