நிட்டிங் மெஷினில் ஒரு லாரி பல்பு

நான் ஐந்தாவதோடு நின்றவன். வேலம்பாளையத்தில் சின்னதாகக் கடை போட்டு, பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்த்துவந்தேன். முதலாளிகள் எதிரே நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போர்டுகளோடு பேசவேண்டியதில்லை.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். நெருப்பெரிச்சலில் ஒரு கம்பெனியிலிருந்து, ஒரே மெஷினின் போர்டு மூன்றாவது முறையாகக் கருகி வந்தது. நூல் அறுந்தால் மெஷினை நிறுத்துகிற போர்டு அது. அதிலிருந்து கிளம்பும் இருபத்துநாலு வோல்ட் கம்பி எங்கோ இரும்பில் பட்டு ஷார்ட் ஆகிறது என்பது மட்டும் புரிந்தது. நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஃபியூஸும் இருந்தது. ஆனால் ஃபியூஸ் போவதற்குள் போர்டு போய்விடும்.

மூன்று முறையும் எரிந்தது ஒரே ஆபரேட்டரின் ஷிப்டில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்.

"இவன் தொட்டாலே எரியுதுங்க. ஊட்ல அடுப்புப் பத்தவைக்கத் தீப்பெட்டியே வேண்டாமாட்ட இருக்குது" என்றார் முதலாளி. சனிக்கிழமையோடு நின்றுகொள்ளும்படி ஆபரேட்டரிடம் சொல்லியும் விட்டார்.

"நான் ஒண்ணும் செய்யல அண்ணாச்சி" என்று என் பின்னாலேயே கம்பெனி வாசல்வரை வந்தார் ஆபரேட்டர். நான் கடைக்குத் திரும்பினேன்.

கடையில் பழைய போர்டுப் பெட்டி எது வந்தாலும், கரண்ட் வரும் கம்பிக்கு இடையில் ஒரு பல்பைப் போட்டுத்தான் முதலில் கரண்ட் கொடுப்போம். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், வேறெதுவும் எரியாது. அதையே மெஷினில் நிரந்தரமாக வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. இருபத்துநாலு வோல்ட் பல்புக்கு லாரி சாமான் கடைக்குப் போனேன். போர்டிலிருந்து கிளம்பும் அந்தக் கம்பியில் முதலில் போட்ட சின்ன பல்பு, சும்மாவே மினுங்கிக்கொண்டு பாதிக் கரண்டைத் தின்றது, மெஷின் கிளம்பவில்லை. அடுத்து லாரி இண்டிகேட்டரின் பெரிய பல்பைப் போட்டேன். மெஷின் ஓடியது, பல்பு இருட்டாகவே இருந்தது. பஞ்சு படாமல், கண்ணாடி வைத்த தகரப் பெட்டியில் அடைத்தேன்.

வெள்ளிக்கிழமை. முதலாளியும் மற்ற ஷிப்ட் ஆபரேட்டர்கள் இருவரும் நின்றிருந்தார்கள். "வழக்கமா என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க" என்றேன் ஆபரேட்டரிடம். அவர் காற்றுக் குழாயை எடுத்து, மெஷினுக்கு அடியில் படிந்த பஞ்சை ஊதினார்.

பளீரென்று பல்பு எரிந்தது. மெஷின் நின்றது.

போர்டைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. போர்டை மூன்று முறை கரியாக்கிய ஷார்ட் இதோ கண்ணெதிரே இருக்கிறது. அதன் ஆத்திரம் முழுவதையும் மயிரிழை போன்ற ஒரு கம்பி தன்மேல் வாங்கி, வெளிச்சமாக்கிக்கொண்டு நிற்கிறது. அந்த இழை சூடாகச் சூடாகக் கரண்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும் என்று படித்த ஒருவர் பின்னாளில் சொன்னார். அன்று எனக்குக் காரணம் தெரியாது. உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் நின்றேன்.

காற்றை நிறுத்தினால் பல்பு அணைந்தது; அடித்தால் எரிந்தது. அடிக்கச் சொல்லிவிட்டு, பல்பைப் பார்த்தபடியே கம்பிகளை ஒவ்வொன்றாக அசைத்தேன். மெஷின் கதவைத் திறந்தால் ஓட்டத்தை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் கம்பியைத் தொட்டதும் வெளிச்சம் துடித்தது. அதைப் பிடித்திருந்த கிளாம்புக்குப் பின்னால் அதன் ரப்பர் தேய்ந்து, செம்பு தெரிந்தது; காற்று பட்டால் அது ஆடி இரும்பில் இடித்தது.

"காத்தடிச்சாத்தான் எரியுதுங்களா?" என்றார் முதலாளி.

"ஆமாங்க."

அவர் மெல்ல மற்ற இரண்டு ஆபரேட்டர்கள் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் இத்தன நாளா இதுக்குக் காத்தே அடிக்கலியாப்பா?"

இருவரும் வாசல் பக்கம் நகர்ந்தார்கள். முதலாளி, தான் எதுவுமே சொல்லாதவர்போல, திருநெல்வேலிக்காரரிடம், "திங்கக்கெழம லேட் பண்ணாம வந்துரப்பா" என்றார்.