கம்பத்தில் நிற்பவன்

பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் அவரை யாருக்கும் தெரியாது. பெட்டிக்காரர் என்றால் சின்னக் குழந்தைகூட வீட்டைக் காட்டும். முப்பது வருடமாக இஸ்திரிப் பெட்டி பிடித்த கை. தெருவைப் பார்த்த முன்னறையில் ஒரு ஜன்னல், ஜன்னலை ஒட்டி நான்கு போர்வை மடித்து விரித்த மேசை. அவருடைய தொழிற்சாலை அவ்வளவுதான்.

முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே கதவு கிடையாது. கழற்றி வைத்துவிட்டார். உள்ளே கட்டிலில் மனைவி. நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிறது. கட்டிலுக்கு அருகே முழங்கால் உயரத்துக்கு ஒரு இயந்திரம், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து அவளுக்குத் தந்துகொண்டே இருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் அவள் மூக்குக்கு வரும். குழாய் எட்டுகிற தூரம்தான் அவளுடைய உலகம். அடுப்படி வரை எட்டும், வாசலுக்கு எட்டாது.

இஸ்திரிப் பெட்டி ஒரு பக்கம், இந்த இயந்திரம் ஒரு பக்கம். கரண்ட் பில் வருகிற நாளில் பெட்டிக்காரர் முகம் கசங்கிய துணியாகிவிடும்.

"நீங்க சம்பாதிக்கிறதை... நான் மூச்சா விட்டுடறேன்" என்பாள் அவள். ஒரு வாக்கியத்தை முடிக்க அவளுக்கு இரண்டு மூச்சு தேவை. அதற்காகக் கேலியை மட்டும் விட்டவள் இல்லை.

கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் மகனின் படம் இருந்தது. லைன்மேன் சீருடை, இடுப்பில் கயிறு, கண்ணில் சிரிப்பு. இருபத்து நான்கு வயதில் ஒருநாள் வேலைக்குப் போனவன் கம்பத்திலிருந்து உயிரோடு இறங்கவில்லை. பதினோரு வருடம் ஆயிற்று. அவன் உயிருக்கு விலையாக வந்த நஷ்டஈட்டுப் பணம் வங்கியில் அப்படியே கிடந்தது. வீட்டில் எத்தனையோ நெருக்கடி வந்தும் இருவரும் அதன் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

போன கோடையில் ஒருநாள் நடுப்பகலில் கரண்ட் போனது. அவசரத்துக்கு ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தார்கள், அது இரண்டு மணி நேரம் தாங்கும். அன்று கரண்ட் வர நாலரை மணி நேரம் ஆனது. மனைவியின் உதடு நீலமாக மாறுவதைப் பார்த்த பெட்டிக்காரர் அவளை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு தெருவில் ஓடினார். எதிர்க்கடைக்காரர் சரக்கு வேனில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அடுத்த முறையும் அப்படியே போகும் என்று யார் சொல்ல முடியும்?

அன்றுதான் முடிவு செய்தார். மொட்டை மாடியில் சோலார் போட்டுவிடுவது. சூரியன் இருக்கும்வரை இவளுக்கு மூச்சு இருக்கும். அப்படித்தான் நம்பினார்.

சோலார் கம்பெனியிலிருந்து அளவெடுக்க ஒரு பெண் ஸ்கூட்டரில் வந்தாள். நாற்பது வயது இருக்கும். தோளில் பை, கையில் அளவு நாடா. வெயிலில் மாடியை இரண்டு சுற்று சுற்றி, தண்ணீர்த் தொட்டியின் நிழல் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு கீழே வந்தாள்.

"ஆறு சோலார் பலகை தாராளமா வைக்கலாம் ஐயா" என்று கணக்குத் தாளை நீட்டினாள்.

பெட்டிக்காரர் தாளின் அடியிலிருந்த தொகையைப் பார்த்தார். அவருடைய ஒரு வருட வருமானத்துக்கு மேல் இருந்தது.

"இது ஆனை விலையா இருக்கேம்மா!"

"மூணுல ஒரு பங்கு அரசாங்கம் திருப்பிக் கொடுத்துடும். ஆனா முதல்ல முழுப் பணமும் நீங்கதான் கட்டணும். பலகை ஏறி, புது மீட்டர் மாட்டி, கரண்ட் ஆபீஸ்காரங்க வந்து பார்த்துட்டுப் போன பிறகுதான் உங்க பேங்க்குக்கு வரும். ரெண்டு மாசமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம். அடுத்த வாரமே வந்துடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

"பில்லு குறையுமா?"

"நீங்க பகல்லதானே இஸ்திரி போடறீங்க. அது அப்படியே வெயில்ல ஓடிடும். மிஞ்சின கரண்ட் வெளிக் கம்பிக்குப் போகும். அதை உங்க பில்லுல கழிச்சுக்குவாங்க. போட்ட பணம் ஆறு வருஷத்துல வந்துடும். அப்புறம் எல்லாம் லாபம்தான்."

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "ஆறு வருஷமா... அதுவரைக்கும் நான் இருந்தாத்தானே... லாபம்?"

"பலகைக்கு இருபத்தஞ்சு வருஷம் உத்தரவாதம் இருக்கும்மா."

"எனக்கு... எத்தனை வருஷம்னு... போட்டிருக்கு அந்தத் தாள்ல?"

அளவெடுக்க வந்தவளுக்குச் சிரிப்பதா கலங்குவதா என்று தெரியவில்லை.

பெட்டிக்காரர் எதற்காக இத்தனையும் கேட்டாரோ அந்தக் கேள்விக்கு வந்தார். "பணத்தை எப்படியாவது புரட்டிடறேன். கரண்ட் போனா இவ மிஷின் நிக்காம ஓடும்ல?"

அவள் பேனாவை மூடினாள்.

"ஓடாது ஐயா. வெளிக் கம்பியில கரண்ட் போச்சுன்னா மாடியில இருக்கறதும் தானா நின்னுடும்."

"வெயில் அடிச்சாலுமா?"

"வெயில் அடிச்சாலும்தான்."

அவர் கணக்குத் தாளை மேசையில் போட்டார். "அப்புறம் எதுக்கும்மா இது? அடுத்த தெரு வயர்மேன் ஒரு சின்ன ஜெனரேட்டர் வாங்கி பிளக்கில சொருகினா போதும், எல்லாம் ஓடும்னாரே. அந்த மாதிரி செஞ்சு கொடுத்துடும்மா."

"கேக்கறவங்க நிறைய பேர் ஐயா. நாங்க செய்யறதில்லை. வீட்டுக் கரண்ட் வெளிக் கம்பிக்குத் திரும்பிப் போயிடும். அந்த நேரத்துல லைன்மேன் கம்பத்துல ஏறி இருப்பார், கம்பி செத்துக் கிடக்குன்னு நினைச்சுக் கை வைப்பார்..."

பெட்டிக்காரருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மேசையை ஓங்கி அடித்தார்.

"எவனோ கம்பத்துல ஏறி நின்னா எனக்கென்ன? இங்க என் பொண்டாட்டிக்கு மூச்சு நிக்குதே, அதைப் பாரு!"

சொன்ன வாய் மூடவில்லை. சொன்ன சொல் அவர் காதிலேயே வந்து விழுந்தது. எங்கே கேட்ட சொல் இது? பதினோரு வருடத்துக்கு முன்னால், பெயர் தெரியாத ஏதோ ஒரு வீட்டில், ஒரு மனிதன் ஜெனரேட்டரைச் சொருகும்போது இப்படித்தானே நினைத்திருப்பான்? அந்த வீட்டுக் கரண்ட்தானே கம்பி வழியாக ஓடிப் போய், மேலே நின்றவனின் நெஞ்சைக் கருக்கியது?

மெல்லத் திரும்பினார். மனைவி அவரைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து வழிந்த நீர் குழாயை நனைத்துக்கொண்டு இறங்கியது.

"அவனைப் பெத்தவரு வாயால... இதைச் சொல்லலாமா?" என்றாள்.

பெட்டிக்காரர் மேசை மேல் முகம் கவிழ்ந்து அழுதார். சூடு ஆறாத போர்வை அவர் கண்ணீரைக் குடித்தது. அளவெடுக்க வந்தவள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். சீருடையைப் பார்த்தாள். கேட்காமலே புரிந்துவிட்டது.

அவளே தணிந்த குரலில் சொன்னாள். "ஒரு வழி இருக்கு ஐயா. பேட்டரி வெச்சா, கரண்ட் போன நிமிஷமே வெளிக் கம்பியோட தொடர்பைத் துண்டிச்சுடும். அம்மாவோட மிஷின், ஒரு ஃபேன், ஒரு லைட், இவ்வளவு மட்டும் உள்ளேயே ஓடும். இஸ்திரிப் பெட்டி ஓடாது. ஆனா பேட்டரிக்கு அரசாங்கம் ஒண்ணும் தராது. பலகை விலையில பாதி ஆகும். முழுக்க உங்க கைக்காசுதான்."

"யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுத கதைதான்" என்றார் அவர். குரலில் உயிரே இல்லை. "அவ்வளவு பணத்துக்கு நான் எங்கே போவேன்?"

அவள் போன பிறகு மனைவி கையசைத்து அருகே கூப்பிட்டாள்.

"பேங்க்ல இருக்கறதை... எடுங்க."

"வேண்டாம். அது அவன் ரத்தம்."

"வீட்டுக்கு வீடு... கரண்ட் கொடுக்கறதுதான்... அவன் வேலை. நம்ம வீட்டுக்கு... கொடுக்க மாட்டானா?" இளைத்தாள். மறுபடி மூச்சை இழுத்துக்கொண்டாள். "அரசாங்கம் திருப்பித் தர்ற பங்கை... அவன் கணக்குலயே போட்டுடுங்க. அவன்கிட்ட... கடன் வெக்க வேண்டாம்."

மறுநாள் வங்கியில் படிவத்தை நிரப்பும்போது அவர் கையெழுத்து மூன்று முறை பொருந்தவில்லை.

பலகைகள் ஏறின. புது மீட்டர் வந்தது. அரசாங்கப் பணம் அலைக்கழித்து ஐந்தாம் மாதம் வந்து சேர்ந்தது. சொன்னபடி மகனின் நஷ்டஈட்டுப் பணம் இருந்த கணக்கிலேயே போட்டார்.

மழைக்காலத்தில் ஒரு காலை. ஒரு சட்டையின் கையை மடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது. தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. பழைய பயத்தில் உள்ளே ஓடினார்.

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மனைவி அவரைப் பார்த்து, "என்ன... பெட்டி ஆறிப்போச்சா? உட்காருங்க, கொஞ்ச நேரம்" என்று சிரித்தாள்.

ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்க் கம்பத்தில் ஒரு லைன்மேன் ஏணியைச் சாய்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். இவர் மகன் இருந்திருந்தால் அந்த வயதுதான். அவன் மாடியிலிருந்த பலகைகளைப் பார்த்தான். உள்ளே இயந்திரம் ஓடும் சத்தம் அவன் காதில் விழுந்தது. ஏணியில் வைத்த காலை எடுத்துத் தரையில் வைத்தான்.

பெட்டிக்காரர் செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினார்.

"பயப்படாதப்பா. பேட்டரி. வீட்டுக்குள்ள மட்டும்தான். கம்பிக்கு ஒரு பொட்டு வராது."

"எல்லாரும் அப்படித்தான் பெரியவரே சொல்றாங்க."

"நம்பாதே! நான் சொன்னாலும் நம்பாதே. குச்சியை வெச்சுப் பாரு. ரெண்டு தரம் பாரு. அப்புறம் கை வை."

அவன் வியப்பாகப் பார்த்துவிட்டு ஏறினான். சோதனைக் குச்சியால் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டான். இரண்டு முறை தொட்டான். பிறகு கை வைத்தான். கீழே பெட்டிக்காரர் ஏணியின் இரண்டு காலையும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். தூறல் அவர் முகத்தில் விழுந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

ஜன்னலுக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "இறங்கிட்டானா?"

"இன்னும் இல்ல."

சற்று நேரம் கழித்து மறுபடியும். "ஏங்க... இறங்கிட்டானா?"

அவன் கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைத்தான். பெட்டிக்காரர் அவன் முழங்கையைப் பிடித்தார். சூடாக இருந்தது. உயிரோடு இருந்தது. விட மனமில்லாமல் பிடித்தபடியே, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"இறங்கிட்டான்."